சின்ன பியூஸ், பெரிய காவல்



பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. முன்பு அது கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் நிலம். 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் அங்கே 332 ஏக்கரில் மின்னணுத் தொழில் நகரை அமைத்தது. அதற்கு வித்திட்டவர் ஆர்.கே. பாலிகா.

இன்று அங்கே இரவும் பகலும் வேலை நடக்கிறது. 2010இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025இல் மெட்ரோ ரயிலும் வந்தது. ஆனாலும் நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வீடு சேர்ப்பது டாக்ஸிதான். அந்த ஓட்டுநர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய காரில் தினமும் மூன்று பேர் ஏறுகிறார்கள். மூவரிடமும் லேப்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. "சார்ஜ் போட வசதி இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். ஓட்டுநர் ஒரு இன்வெர்ட்டர் வாங்குகிறார். கார் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை, வீட்டில் வருவது போல 230 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டர்.

அதைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிறார். மூன்று லேப்டாப்பையும் மாட்டுகிறார்கள். சற்று நேரத்தில் மின்சாரம் நின்றுவிடுகிறது. பியூஸ் போய்விட்டது!

பக்கத்து டாக்ஸிக்காரர் வழி சொல்கிறார். "15 போட்டால்தானே போகிறது? 30 போடு. இல்லாவிட்டால் சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றிவிடு."

நல்லவேளை, ஓட்டுநர் அப்படிச் செய்யவில்லை. தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போனார்.

"அண்ணே, பெரிய பியூஸ் போடலாமா?"

"தம்பி, வேண்டவே வேண்டாம். பியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. முதலில் ஒரு கணக்குப் போடு. ஒரு லேப்டாப்புக்கு 80 வாட். மூன்றுக்கு எவ்வளவு?"

"240 வாட்."

"அதை 12ஆல் வகு."

"20."

"20 ஆம்பியர். இன்வெர்ட்டர் சூடாவதில் வீணாவதையும் சேர்த்தால் 22க்கு மேல் போகும். உன் பியூஸில் என்ன எழுதியிருக்கிறது? 15. அந்தத் துளைக்குப் போகும் ஒயர் மெல்லியது. 15 ஆம்பியருக்கு என்று போட்டது. அதில் 30 பியூஸ் போட்டால் என்ன ஆகும்? ஒயர் கொதிக்கும், பியூஸ் போகாது. ஒயரின் மேல்தோல் உருகும். உள்ளே இருக்கும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்கும். உன் காரில் நீ ஒருவன் மட்டுமா இருக்கிறாய்?"

நண்பர்களே, இதுதான் முக்கியமான விஷயம். பியூஸ் ஒரு காவல்காரன். ஆபத்து வந்தால் தான் உருகி, ஒயரைக் காப்பாற்றுகிறது. காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டால் வீடு என்ன ஆகும்?

பியூஸின் மேல் எண் எழுதியிருக்கும். நிறமும் சொல்லும். சிவப்பு 10. நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30. ஆரஞ்சு 40. எண்ணைப் படியுங்கள். போன பியூஸில் என்ன எண் இருந்ததோ, அதே எண்ணைத்தான் போட வேண்டும்.

300 வாட் இன்வெர்ட்டர் வேண்டுமானால் அதற்குத் தனி ஒயர் போட வேண்டும். முறை இதுதான்:

1. 300ஐ 12ஆல் வகுத்தால் 25. வீணாவதையும் சேர்த்தால் சுமார் 30 ஆம்பியர். இதற்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 40 ஆம்பியர் பியூஸும் போடலாம். இன்வெர்ட்டருடன் வரும் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதன்படி செய்ய வேண்டும்.

2. பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஏன் தெரியுமா? பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

3. இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வர ஒயர் தகரத் துளையைத் தாண்டும். அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் கார் குலுங்கக் குலுங்கத் தகரம் ஒயரை அறுத்துவிடும்.

4. வேலை தொடங்கும் முன் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரியில் கறுப்பு ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். காரின் உடம்பு முழுவதும் கறுப்பு ஒயரோடு சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் சிவப்பில் கை வைத்தால், ஸ்பேனர் தகரத்தில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அது வெடிக்கலாம்.

5. ஒயரின் நுனியை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். லக் வைத்து, கருவியால் இறுக்கிப் பூட்ட வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடாகும்.

6. இன்வெர்ட்டரைக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மேலே துணி போடாதீர்கள். தண்ணீர் பட விடாதீர்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காமல் இருக்கலாம், ஆனால் தீ வைக்கும். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் 230 வோல்ட்டோ ஆளையே கொல்லும்.

செல்போனுக்கு மட்டும் சார்ஜ் போடுவதானால் இன்வெர்ட்டரே தேவையில்லை. துளையில் செருகும் சின்ன சார்ஜர் போதும். கேமரா, கூடுதல் விளக்கு போன்றவற்றுக்குத் தனித்தனி பியூஸ் வையுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்கினுடையவை. டாக்ஸியில் அபாயப் பொத்தானும், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும் இருந்தால், அவற்றின் ஒயரை வெட்டி வேறு எதற்கும் மின்சாரம் எடுக்காதீர்கள். நள்ளிரவில் தனியே வரும் ஒரு பெண், ஆபத்தில் அந்தப் பொத்தானைத்தான் நம்புகிறார்.

இன்னொன்று. இன்ஜினை நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரை ஓட விட்டால் பேட்டரி இறங்கிவிடும். 40 ஆம்பியர் மணி பேட்டரியில் 20 ஆம்பியர் எடுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பிறகு வண்டி கிளம்பாது. அதற்காக மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் படுக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அந்த ஓட்டுநர் என்ன செய்தார்? எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயர் போட்டுக்கொண்டார். அதே எண்ணுள்ள உதிரி பியூஸ் இரண்டை டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். இப்போது பக்கத்து டாக்ஸிக்காரர் வெள்ளித்தாளை எடுத்தால், அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். "அண்ணே, முதலில் அதில் இருக்கும் எண்ணைப் படிங்க" என்கிறார்.

வகுக்கக் கற்றது ஏட்டுக்கு மட்டும் அல்ல. எண்ணைப் படிக்கத் தெரிந்த கை, தீயைத் தடுக்கும் கை.