‘சபோட்டாஜ்’: ஒரு சொல்லின் வர்க்க வரலாறு

(அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ரயில் தடம் புரண்டாலும் ஆலையில் கொதிகலன் வெடித்தாலும், விசாரணை தொடங்கும் முன்பே முதலாளித்துவ ஏடுகளில் இடம்பிடிக்கும் சொல் ‘சபோட்டாஜ்’. தமிழில் அது ‘நாசவேலை’ எனப்படுகிறது. மறைந்திருந்து திட்டமிட்டுக் கேடு செய்தல் என்பது அதன் இன்றைய பொருள். ஆனால் அச்சொல் பிறந்தபோது அதில் நாசம் இருக்கவில்லை.

பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ‘சாபோ’ எனும் மரக்காலணியைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தனர், அதிலிருந்தே இச்சொல் வந்தது என்றொரு கதை உலவுகிறது. காலணி உண்மை, எறிந்ததற்குச் சான்றில்லை. மரக்காலணியோடு தடதடவென நடப்பதைக் குறித்த பிரெஞ்சு வினைச்சொல், காலப்போக்கில் வேலையை அரைகுறையாகச் செய்வதைக் குறித்தது. அவ்வளவே.

இச்சொல்லைத் தொழிற்சங்க அரங்குக்குக் கொண்டுவந்தவர் எமில் பூஜே. 1897இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிலாளர் சம்மேளனத்தின் மாநாடு, அவர் முன்வைத்த அறிக்கையை ஏற்றது. அவர் காட்டிய முன்மாதிரி ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பண்ணையாட்களை இறக்கிப் போராட்டத்தை முறியடித்தனர். பழைய கூலிக்கே திரும்பிய தொழிலாளர்கள், பழக்கமற்ற அந்த ஆட்கள் செய்த அளவுக்கே வேலை செய்தனர். சில நாட்களில் கூலி உயர்ந்தது.

உழைப்புச் சக்தி ஒரு சரக்கு என்றால், குறைந்த விலைக்குக் குறைந்த தரம் என்னும் சந்தை விதி அதற்கும் பொருந்தும் என்பதே பூஜேயின் வாதம். அடி விழவேண்டியது முதலாளியின் கல்லாப்பெட்டியில், மக்கள் மீது அன்று என்றும் அவர் வலியுறுத்தினார். மாவிலும் பாலிலும் கலப்படம் செய்யும் வணிகரே மக்களுக்கு எதிரான உண்மையான நாசக்காரர் என்றார். மார்க்சிய இயக்கம் இவ்வழியைத் தன் பாதையாகக் கொள்ளவில்லை. திரள் போராட்டமே அதன் பாதை. எனினும் சொல்லின் மூலப்பொருளை மறக்கலாகாது.

அப்பொருளை மாற்றியவர்கள் ஆளும் வர்க்கத்தினர். 1917இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், ‘சபோட்டாஜ்’ என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுதிப் போர்க்குணமிக்க தொழிற்சங்கத்தினரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. உலகப் போர் அச்சொல்லோடு வெடிகுண்டையும் ஒற்றனையும் பிணைத்தது. அதே ஆண்டில் பெத்ரோகிராதில், சோவியத் ஆட்சியை முடக்க வங்கிகளிலும் அமைச்சகங்களிலும் வேலையைப் புறக்கணித்த உயர் அதிகாரிகளை போல்ஷ்விக்குகள் அதே சொல்லால் சுட்டினர். சொல் ஒன்றுதான், வர்க்கம் மாறியது.

இந்தியாவுக்கு வருவோம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் மூன்று ரயில்கள் மோதி 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடனே நாசவேலை என்ற பேச்சு எழுந்தது, சிபிஐ வந்தது, மூன்று ஊழியர்கள் கைதாயினர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையோ, சிக்னல் சுற்றமைப்பை மாற்றியமைத்த பணிகளில் நேர்ந்த குறைபாடுகளைக் காரணமாகக் காட்டியது. ரயில்வேயில் லட்சக்கணக்கான பணியிடங்கள் காலியாகக் கிடந்த காலம் அது.

ஆளைக் குறைப்பது, பராமரிப்பை ஒத்திப்போடுவது, பாதுகாப்புப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவது ஆகியவை ஓசையின்றி, கோப்புகளுக்குள், ஆண்டுக்கணக்கில் நடப்பவை. மறைந்திருந்து செய்யும் கேடு என்பதே நாசவேலையின் பொருளாயின், அச்சொல் முதலில் எங்கே பொருந்தும்? அடுத்த விபத்தின்போது அச்சொல் ஏடுகளில் வந்ததும், தொழிலாளர்களிடையே எழுப்பவேண்டிய கேள்வி இதுவே.