ஐப்பசியில் மாடித் தோட்டம்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் சேலத்தில் ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை பெய்துவிடும். ஐப்பசி அடைமழை வரும்போது தொட்டி மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கும். அதனால் இந்த மாதம் தண்ணீர் ஊற்றுவதைவிட வடிப்பதுதான் வேலை. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடிதுளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள்.

தட்டைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்ததும் பொரியும். சுமார் பத்து நாளில் பறக்கும் கொசு. ஆகவே தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், வாரம் ஒருமுறை. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடியையும், சாவி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும்.

கீரை விதைப்பை மழை ஓயும்வரை தள்ளிவையுங்கள், அடித்துப் போய்விடும்.

முருங்கைக் கிளை சட்டென்று முறியும். நீண்டதைக் கழித்துவிடுங்கள், மின்கம்பி பக்கம் என்றால் நீங்கள் கை வைக்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வெட்டிய போத்துகளைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டால் இந்த ஈரத்திலேயே துளிர்க்கும்.