மிதிவண்டிப் பந்தயமும் மனையறமும்

தென்பாண்டிச் சீமையில் பந்தயம் என்ற சொல் காதில் விழுந்தால் மாட்டு வண்டியே நினைவுக்கு வரும். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுவார்கள். சாலையின் இரு மருங்கும் ஊர் திரண்டு நிற்கும். மிதிவண்டிப் பந்தயத்துக்கு அத்தகைய மதிப்பு இங்கு இல்லை. பந்தய மாட்டுக்குக் கிடைக்கும் பருத்திக்கொட்டையும் எண்ணெய்க் குளியலும் பந்தயத்தில் மிதிப்பவனுக்குக் கிடைப்பது அரிது.

நான் பாளையங்கோட்டையில் குடியிருப்பவன். அலுவலகத்தில் எழுத்து வேலை. வீட்டில் மனைவியும் இரண்டு பெண் மக்களும் என் மாமியாரும் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஊதியம் எதுவும் இன்றி, மிதிவண்டிப் பந்தயம் ஓட்டி வருகிறேன். இத்தகையோரை அமெச்சூர் என்பர். பிரெஞ்சு மொழியில் இருந்து வந்த அச்சொல்லுக்கு ‘நேசிப்பவன்’ என்பது பொருள். ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தொழில்முறை வீரர்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது 1996-ஆம் ஆண்டில்தான். அதன் பிறகு நேசிப்பவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில், எந்தத் தொழில்முறைக் குழுவிலும் ஒப்பந்தம் இல்லாத ஆஸ்திரிய நாட்டுக் கணித ஆராய்ச்சியாளர் அன்னா கீசன்ஹோஃபர், 137 கிலோமீட்டர் பந்தயத்தில் 75 விநாடி முந்தி வந்து தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை, தாமே முதல்வர் என்று எண்ணிக் கையை உயர்த்தினார். முன்னால் ஒருவர் போய்விட்டதே அவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்டிராங், ஐந்து வயது மகனுக்குத் தாயாக இருந்துகொண்டு, 2016-இல் மூன்றாம் முறையாக ஒலிம்பிக் தங்கம் பெற்றார். மறுநாள் அவருக்கு 43 வயது நிறைந்தது.

இந்தச் செய்திகளை வீட்டில் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னேன். என் மனைவி அமைதியாகக் கேட்டுவிட்டு, “அந்த அம்மா வெளியே ஓட்டப் போன நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?” என்றாள். பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தொடாமல் விட்டுவிடும் வினா இது.

அமெச்சூருக்குப் பெருஞ்செலவு பணமன்று, ஞாயிற்றுக்கிழமை. கடைவீதிக்குப் போவதும், உறவினரைக் காண்பதும், ஒழுகும் குழாயைச் சீர்செய்வதும் அந்த ஒரு நாளுக்கென்றே காத்திருக்கின்றன. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள் வேறு. ஆடியில் திருமணம் இல்லை. ஆதலால் எங்களைப் போன்றோர்க்குப் பயிற்சிக்கு வாய்த்த மாதம் ஆடியே. ஆனால் நம் ஊர் ஆடியை அறியாதார் யார்? மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு புறப்படும் தென்மேற்குக் காற்று கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு எங்கள் முகத்திலும் வந்து அறைகிறது. விடியற்காலை சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, பேட்டை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போக வேண்டும். போகும்போது முழுதும் எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆனால் அதற்குள் கால்கள் தளர்ந்திருக்கும்.

காற்றின் கணக்கு இரக்கமற்றது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் 40 கிலோமீட்டர் காற்றை உணர்கிறார். அதன் தடை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால் பின்னால் வருபவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேலும் மிச்சமாகக் கூடும். ஆகவே கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, நாங்கள் முறை வைத்துக் காற்றை வாங்குகிறோம். முறை தப்பிப் பின்னாலேயே ஒதுங்கி வருகிறவனுக்குக் குழுவில் மதிப்பில்லை. இந்த நியாயத்தை என் மனைவிக்கு விளக்கிய நாள்முதல் மாலைச் சமையலில் என் முறையும் வந்துவிட்டது.

ஏற்றத்தையும் சொல்ல வேண்டும். கோவில் கொடைகளிலும் பொங்கல் விளையாட்டுகளிலும் சில பரிசுகள் பெற்றிருக்கிறேன். ஒரு கொடையில் கிடைத்த எவர்சில்வர் குடம் இன்றும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. கோப்பைகள் பரணில் இருக்கின்றன. தாழ்வுகளுக்கும் குறைவில்லை. முன்னணியில் சென்ற ஒரு பந்தயத்தில் சீமைக்கருவேல முள் சக்கரத்தைப் பதம் பார்த்தது. மற்றொன்றில், கார் அறுவடை நெல்லைச் சாலையில் உலர்த்தியிருந்த இடத்தில் வண்டி சறுக்கித் தோளெலும்பு முறிந்தது. ஆறு வாரம் என்னைக் குளிப்பாட்டி விட்டவள் மனைவி, “என்னத்துக்கு மாப்பிள்ளே இந்தப் பாடு?” என்று நாள்தோறும் கேட்டவர் மாமியார்.

இப்பொழுது எங்கள் வீட்டில் பந்தயம் ஓட்டுகிறவள் மூத்த மகள். அண்ணா பிறந்த நாளாகிய செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்க்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவியர்க்கு இளைய பிரிவில் 10 கிலோமீட்டர், மற்ற இரண்டிலும் 15. இந்தியாவில் செய்த, சாதாரணக் கைப்பிடி கொண்ட வண்டியைத்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. இதைவிடக் குடும்பங்களுக்கு இணக்கமான விதி ஒன்றை நான் அறியேன். அரசு 11-ஆம் வகுப்பில் இலவசமாக அளித்த வண்டி வாரநாளில் அவளோடு பள்ளிக்குப் போகிறது. மாலையில் மாவு மில்லுக்குப் போகிறது. பந்தயத்தன்று அதுவே கோட்டில் நிற்கிறது. அங்கே செல்வர் மகளும் கூலியாள் மகளும் ஒரே வகை வண்டியில்தான் மிதிக்கிறார்கள்.

சென்ற முறை அவள் நான்காவதாக வந்தாள். மூன்றாமிடம் ஒரு சக்கர அளவில் தவறியது. வரும் போட்டியோடு 17 வயது எல்லை முடிந்துவிடும். அப்பால் செல்வதற்குப் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி வேண்டும். நல்லதன் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. என் மனைவி ஐந்து ஆண்டுகளாக மகளின் நகைக்கென்று சீட்டுக் கட்டி வருகிறாள். சென்ற மாதம் அவளே, “சீட்டை எடுத்து வண்டி வாங்கலாம், நகை பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றாள். மாமியார் பேத்தியை அழைத்து, “ஏட்டி, கழுத்துல போடுறதை விட்டுட்டு வண்டி எதுக்குட்டி?” என்று கேட்டார். அவள் விடை சொல்லவில்லை. மறுநாள் காலை நான்கரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டாள். ஆடிக் காற்று அப்பொழுதே தொடங்கியிருந்தது. சீட்டுத் தவணை இன்னும் நான்கு பாக்கி. பாட்டியின் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை.