கீழே இறங்கும் தண்ணீர், மேலே ஏறும் ஜீப்

இன்று பட்டயம் பெறும் தம்பி, தங்கைகளே,

மலையடிவாரத்து லோயர் கேம்பில் சமூகநீதி படிப்பவருக்குப் பாதிப் பாடம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. 1895இல் முல்லைப்பெரியாறு அணை முடிந்தது. குடைந்த மலை வழியே தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பித்தான் இருக்கிறது. அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013இல் இங்கே மணிமண்டபம் திறந்தார்கள், சரிதான். ஆனால் அணை எழுந்த காட்டில் காய்ச்சல் கண்டு செத்த கூலிக்காரர்கள் யார், எந்த ஊர்? இப்படிக் கேட்கப் பழகியதே உங்கள் ஓராண்டுப் படிப்பின் பலன் என்பேன்.

தண்ணீர் இறங்குகிற அதே மலையில் விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்புகள் ஏறுகின்றன. அவற்றில் போகிற அம்மாக்கள் சிலர் இன்று வேலையை விட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்று சாலையில் உட்கார்ந்துதான் 20 சதவீத போனஸ் வாங்க முடிந்தது. பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வேடாக எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் அங்கே போகும் வழி குறுகல். கலிபோர்னியாவில் சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு சமூகநீதி படித்தவர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம். அதற்கு 2010இல் சட்டமே போட்டார்கள். நம் பக்கம் 1995இல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கிய சமூகக் கல்லூரிகள் படிப்பை விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தர வந்தவை. நல்ல காரியம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும் என்று யாராவது சொன்னால், அதை நான் சமூகநீதி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே படித்ததைக் கணக்கில் எடுங்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்க்கைக்கு வேண்டிய வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சேர்ந்த பிறகு ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. யுஜிசி 2018லேயே அதைத் தடுத்திருக்கிறது. சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.