காரில் ஹாம் ரேடியோ: பொருத்தும் முன் சில வார்த்தைகள்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கரண்ட்டும் செல்போனும் சேர்ந்தே போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளிலும், எதிர்முனையில் இன்னொரு ஹாம் இருந்தால், காரில் உள்ள ரேடியோவில் பேசலாம்; செல்போன் டவர் வேண்டாம். ஆனால் சரியாகப் பொருத்தியிருக்க வேண்டும்.

முதலில் உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, உரிமம் வாங்கிய பிறகே பேசலாம். வண்டியில் வைத்துப் பேசுவதற்கான விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மின்சாரம். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் அதற்குத் தோதானதல்ல; ஃபியூஸ் போகும், ஒயர் சூடாகும். பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், தீப்பிடிக்காமல் காப்பது அந்தச் சின்ன ஃபியூஸ்தான்.

ஆன்டெனாவுக்கு நல்ல இடம் கூரையின் நடுப்பகுதி. 2 மீட்டர் அலைவரிசைக்கு அரை மீட்டர் கம்பி போதும். பார்க்கிங் கூரையில் இடிக்குமா என்று அளந்து பாருங்கள்.

ஏர்பேக் விரியும் இடத்தில் செட்டை வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். பேசுவதென்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று: கனமழை எச்சரிக்கை வந்தால், அடித்தளத்தில் நிற்கும் காரை உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள். மூழ்கிய காரில் எவ்வளவு நல்ல செட் இருந்தும் யாருக்கும் உதவாது.