மாற்றுச் சிறுநீரகமும் உடலின் காவலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கிளையை வேறொரு மாங்கன்றில் ஒட்டினால் அது தழைத்து வளர்கிறது. மனித உடலோ அயலானை அவ்வளவு இலகுவில் ஏற்பதில்லை. ஒருவருடைய சிறுநீரகத்தை, அதாவது நம்மூர்ப் பெரியவர்கள் குண்டிக்காய் என்னும் உறுப்பை, இன்னொருவருக்குப் பொருத்தினால், கிருமிகளைக் கொல்லும் வெண்குருதிக் கலங்கள் அதனையும் பகையென்று தாக்குகின்றன. உயிர் காக்க வந்த உறுப்பு என்பதை அவை அறியமாட்டா.

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி, பொஸ்டன் நகரில் டொக்டர் ஜோசப் மறே, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகமொன்றை அவருடைய சகோதரர் றிச்சர்ட்டுக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையர். அதனை உறுதிப்படுத்த முன்கூட்டியே ஒருவர் தோலை மற்றவர்மீது ஒட்டிப் பார்த்தனர், தோல் உதிரவில்லை. றிச்சர்ட் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இரட்டையராய்ப் பிறவாதவர் என் செய்வர்?

1960களில் அசத்தியோபிரின், பிரெட்னிசோன் என்னும் மருந்துகள் சேர்ந்து ஓரளவு வழி திறந்தன. பெரிய மாற்றத்தைத் தந்ததோ நோர்வே நாட்டு மண்ணிலிருந்த ஒரு பூஞ்சணம்! அதிலிருந்து பெற்ற சைக்குளோஸ்போரினை 1978இல் கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள் நோயாளருக்குக் கொடுத்தனர். இன்று பெரிதும் வழங்கும் தக்குரோலிமஸும் 1984இல் ஜப்பானிய மண்ணிற் கண்டெடுக்கப்பட்டதே. காலடி மண்ணை நாம் எவ்வளவு அற்பமாக எண்ணுகிறோம்!

சத்திரசிகிச்சைக்கு முன்னரும் ஒரு சோதனையுண்டு. கொடுப்பவரின் வெண்குருதிக் கலங்களைப் பெறுபவரின் குருதிநீரோடு கலப்பர். கலங்கள் மடிந்தால், அந்தச் சிறுநீரகத்தை அப்படியே பொருத்துவது ஆபத்து.

நாம் இன்று வற்புறுத்த விரும்புவது பின்னர் வரும் காலத்தைப் பற்றியே. சிறுநீரகம் வேலை செய்யும்வரை குளிசையை நாள்தோறும், குறித்த மணிக்கு உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் காவற்கலங்கள் விழித்தெழும். மிஞ்சினால் கிருமிகளுக்குக் கதவு திறக்கும், தக்குரோலிமஸ் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கவுங்கூடும். அதனாலேயே அடிக்கடி இரத்தம் சோதிக்கிறார்கள். பம்பளிமாசுக்கு உறவான கிரேப்புறூட் பழங்கூட மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். வேறு மருந்தோ மூலிகையோ தொடங்குமுன் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

நிராகரிப்புப் பெரும்பாலும் சத்தமின்றியே வரும். நோவும் இராது, காய்ச்சலும் இராது. இரத்தத்தில் கிரியாற்றினின் மட்டும் ஏறும். உடம்பு நன்றாயிருக்கிறதென்று குளிசையைக் கைவிடுவோர் எம் வயதினரிடையே அதிகம் என்பது வெட்கத்துடன் சொல்லவேண்டிய செய்தி. பரீட்சை, பிரயாணம், நண்பர் முன் குளிசை விழுங்கக் கூச்சம்—சாட்டுக்குக் குறைவில்லை. தாயோ தமையனோ தந்த சிறுநீரகம் இப்படிப் பறிபோகலாமா? வீட்டுப் பெரியோரும், "இன்னுமா மருந்து?" என்று கேளாதிருக்க வேண்டுகிறோம்.

ஒருவேளை குளிசை தவறினால், அடுத்த வேளை இரட்டித்து விழுங்குவதும் தவறு. சிகிச்சை நிலையத்தாரைக் கேட்டே நடக்கவேண்டும்.