எழிலும் எங்க ஊர்க் கிழங்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“பத்து நிமிஷம் பேசுப்பா, பழங்கதை மட்டும் வேண்டாம்” என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கெங்கவல்லியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் நடப்பதைச் சொல்கிறேன்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அதில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கணக்கில் சூரன். அவனுக்குப் பைத்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் வந்தான், நாலாவது வாரம் ஆளைக் காணோம். தேடிப் போனால், “இந்த ‘வொய்ல்’, ‘எல்ஸ்’ எல்லாம் மனசுல நிக்கலைங்க சார். கம்ப்யூட்டரு எனக்கு ஆவாதுங்க” என்றான். அவனுக்கு வராதது ஆங்கிலம். அவன் கைவிட்டதோ கம்ப்யூட்டரை! எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ‘எழில்’ நினைவுக்கு வந்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. 2009-லேயே இதுபற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பைத்தானில் கட்டப்பட்டது, காசு கிடையாது. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’, ‘முடி’ என்று எல்லாம் நம் சொற்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு ‘ஆனால்’ என்பதைப் பின்னால் போட வேண்டும். நாம் பேசுவதும் அப்படித்தானே?

பையன் திரும்பி வந்தான். அவன் எழுதிய முதல் உருப்படியான நிரல் மரவள்ளிக் கிழங்குக் கணக்கு. சேகோ ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்டாகப் பார்த்துத்தான் விலை என்பது நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும். 28 பாயிண்ட், பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று கொடுத்தான். டன்னுக்கு 8,400 என்று திரையில் வந்தது. அவங்க அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாயிண்டு ரெண்டு கொறைஞ்சா எவ்வளவுடா போவும்?” என்று கேட்டார். 600 ரூபாய். அதையும் அவனே தட்டிக் காட்டினான்.

குறையும் உண்டு. ‘ஆனால்’ என்றதும் பிள்ளைகள் ‘பட்’ என்று நினைக்கிறார்கள். ‘ஆயின்’ என்று விளக்க வேண்டியிருக்கிறது. ‘வரை’யும் அப்படித்தான், ‘நிபந்தனை உண்மையாய் இருக்கும் வரை’ என்று முழுசாகச் சொன்னால்தான் பிடிபடுகிறது.

“இதைப் படிச்சா எவன்யா வேலை குடுப்பான்?” என்று நம் வகுப்பு நண்பரே கேட்டார். ஒருத்தனும் கொடுக்க மாட்டான். நடைவண்டியை வைத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போகிறோமா என்ன? நடக்கப் பழகியதும் பைத்தானுக்குப் போகட்டும். அந்தப் பையனும் இப்போது போய்விட்டான். ‘வொய்ல்’ என்றதும், “நம்ம ‘வரை’தானுங்க சார்” என்கிறான்.

தாய்மொழியில் நிரல் என்பது புதுப் பைத்தியக்காரத்தனமும் அல்ல. 1950-களிலேயே கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் ஆணை கொடுத்துக் காட்டினார், மேலிடம்தான் மிரண்டது. ரஷ்யாவில் ‘ஒன்-சி’ என்னும் கணக்கு மென்பொருளுக்கு ரஷ்யச் சொற்களிலேயே நிரல் எழுதிச் சம்பாதிக்கிறார்கள்.

நான் கேட்பது பணமல்ல. திண்ணையில் இருப்பது இரண்டே கம்ப்யூட்டர், பிள்ளைகள் முறை போட்டு உட்காருகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஓடுகிற நிலையில் பழைய மடிக்கணினி இருந்தால், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆத்தூர் வரை கொண்டு வந்தால் போதும், அங்கிருந்து நானே பஸ்ஸில் எடுத்துப் போய்விடுவேன்.